சிரிப்பு எங்கே வெட்டப்படுகிறது?

மத நம்பிக்கையைக் கேலியோடு கேள்வி கேட்கும் ஆவணப்படங்கள் பற்றி இந்த இதழுக்குக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். கோபத்தோடும் ஆசையோடும் நிறையவே வந்திருக்கின்றன. பதில் சொல்பவன் விமர்சகன் இல்லை, ஆவணப்படத் தொகுப்பாளன். அடுத்தவர் பேசியதை வெட்டி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெரிவதைத்தான் சொல்ல முடியும்.

கே: ‘ரிலிஜுலஸ்’ படத்தை நண்பர்களோடு பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் யோசித்தால் பாதிக்கு மேல் எதற்குச் சிரித்தோம் என்றே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா? (ஒரு கல்லூரி மாணவர்)

ப: பாதி ஏமாந்திருக்கிறீர்கள். அந்தப் பாதியைப் பிரித்துக் காட்டுகிறேன்.

2008இல் வந்த படம். நகைச்சுவைக் கலைஞர் பில் மார், இயக்குநர் லாரி சார்ல்ஸோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் மத நம்பிக்கையாளர்களிடம் பேச்சுக் கொடுக்கிறார். அதில் அர்கான்சாஸ் செனட்டர் மார்க் பிரையரோடு நடக்கும் உரையாடலை மறுபடி போட்டுப் பாருங்கள். பைபிள் கதையில் வரும் பேசும் பாம்பை நம்புகிறவர்கள் நாட்டை ஆளுவது எனக்குக் கவலையாக இருக்கிறது என்கிறார் மார். செனட் உறுப்பினராவதற்கு அறிவுத்திறன் தேர்வு எதிலும் தேற வேண்டியதில்லையே என்று சிரித்தபடி பதில் சொல்கிறார் பிரையர். சொல்லி முடித்த பிறகும் ஷாட் நகர்வதில்லை. மார் வாயைத் திறப்பதில்லை. என்ன சொல்லிவிட்டோம் என்பது அந்த முகத்தில் மெல்ல இறங்குகிறது, சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோகிறது. அங்கே இசை இல்லை, துண்டுக் காட்சி எதுவும் செருகப்படவில்லை. அந்த மனிதர் சொன்ன வார்த்தையும் அவருடைய முகமும் மட்டும்தான். அதற்குச் சிரித்திருந்தால் நீங்கள் ஏமாறவில்லை.

அதே படத்தில் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பழைய சினிமாவிலிருந்து ஒரு துண்டு பாய்ந்து வருகிறது. இன்னொருவர் பேசும்போது அவர் சொல்லாததைத் திரையில் எழுத்தாக ஓட்டுகிறார்கள். ஒரு முஸ்லிம் மதகுருவின் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. அந்தச் செய்தியில் என்ன இருந்தது என்று படக்குழுவே கற்பனை செய்து எழுதிப் போடுகிறது. அரங்கமே சிரிக்கும். ஆனால் அவர் எதையும் சொல்லவில்லை, செய்யவில்லை. அந்தச் சிரிப்பு முழுக்க முழுக்க எடிட் அறையில் தயாரானது. மறுநாள் உங்களுக்கு நினைவில் நிற்காதது இதுதான். அவரைப் பற்றியோ அவருடைய மதத்தைப் பற்றியோ உங்களுக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருவரும் ஒரே ஷாட்டில் இருந்து, நடுவில் வெட்டும் இல்லையென்றால், அந்தப் பதில் அந்தக் கேள்விக்கு வந்ததுதான். தனித்தனி முகங்களாக மாறி மாறி வந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே கேமராவோடு போகும் படப்பிடிப்பில் பேட்டி முடிந்த பிறகு கேள்வி கேட்டவரை மட்டும் உட்காரவைத்து, தலையாட்டுவதையும் புருவம் தூக்குவதையும் தனியாகப் பிடிப்பது தொழிலில் நெடுநாள் வழக்கம். அவர் புருவம் தூக்கியபோது எதிரில் யாருமே இல்லாமல் இருந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு பின்னணிச் சத்தத்தையும் கேளுங்கள். கேள்வியின்போது இருந்த காற்றின் இரைச்சல் பதிலில் சட்டென்று அறுந்தால் நடுவில் கத்தரி போயிருக்கிறது.

பதில் சொல்லி முடித்தவருடைய முகத்தில் கூடுதலாக ஒரு நொடி, அதாவது 24 ஃபிரேம், நிற்க விட்டால் யாராக இருந்தாலும் அசடாகத் தெரிவார். நோபல் பரிசு வாங்கியவரானாலும் சரி. அந்த ஒரு நொடியைத் தருவதா வேண்டாமா என்பது தொகுப்பாளர் கையில் இருக்கிறது. பிரையர் விஷயத்தில் அதைத் தந்தது நியாயம் என்பேன். அவர் சொன்ன வார்த்தைதான் அந்த மௌனத்தைக் கேட்டு வாங்கியது.

கே: நான் தினமும் பிரார்த்தனை செய்கிறவள். என் நம்பிக்கையைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே எடுத்த படத்தை நான் ஏன் பார்க்க வேண்டும்? (ஓர் ஆசிரியை)

ப: கட்டாயம் எதுவும் இல்லை, அம்மா. ஆனால் இந்த வகைப் படங்களில் கைதேர்ந்த நாத்திகர்களைவிட அழுத்தமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற நம்பிக்கையாளர்கள்தான். அதற்காகவாவது பார்க்கலாம்.

‘ரிலிஜுலஸ்’ஸில் ரெஜினால்ட் ஃபாஸ்டர் என்ற பாதிரியார் வருகிறார். வத்திக்கானில் நான்கு போப்பாண்டவர்களுக்கு லத்தீன் எழுதிக் கொடுத்தவர். புனித பேதுரு சதுக்கத்தின் அருகே சாதாரண உடையில் நின்றுகொண்டு, மார் கேட்பதற்கெல்லாம் வெடித்துச் சிரித்துப் பதில் சொல்கிறார். பழைய நரகக் கதைகளை அவரே ஒதுக்கித் தள்ளுகிறார். ஆபத்து நேரத்தில் யாரை வேண்டிக்கொள்வீர்கள் என்று இத்தாலியர்களைக் கேட்டால் இயேசுவின் பெயர் ஆறாவதாகத்தான் வருகிறது என்று சொல்லிக் குலுங்குகிறார். மாருக்குக் கேலி செய்ய அங்கே வேலையே இல்லாமல் போய்விடுகிறது. அந்த மனிதர் கடைசிவரை குருவாகவே வாழ்ந்து 2020இல் இறந்தார்.

அதே படத்தில் ஜார்ஜ் கோய்ன் என்ற இயேசு சபைத் துறவியும் பேசுகிறார். 1978 முதல் 2006 வரை வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தவர். வேதாகமம் எழுதப்பட்ட நூற்றாண்டுகள் எவை, நவீன அறிவியல் பிறந்த நூற்றாண்டுகள் எவை என்று பொறுமையாகக் கணக்குச் சொல்லிவிட்டு, அதில் போய் அறிவியலை எப்படித் தேடுவீர்கள் என்று கேட்கிறார். படத்தில் வேறு எவரும் இவ்வளவு தெளிவாக ஒரு வாதத்தை வைக்கவில்லை.

இந்தியப் படம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அயோத்தி ராமர் கோயில் இயக்கத்தைப் பற்றி ஆனந்த் பட்வர்தன் எடுத்த ‘ராம் கே நாம்’. கேலிப்படம் என்ற வரிசையில் அதை நான் வைக்க மாட்டேன், அதன் கோபம் வேறு. ஆனாலும் அதில் அங்கதம் உண்டு. ராமர் எந்தக் காலத்தில் பிறந்தார் என்று பட்வர்தன் சாதுவாகக் கேட்க, அத்தனை உறுதியோடு முழக்கமிட்டவர்கள் பதில் தெரியாமல் தடுமாறுகிறார்கள். ஆனால் படத்தின் உயிர் அந்தத் தடுமாற்றத்தில் இல்லை, பூசாரி லால்தாஸிடம் இருக்கிறது. அயோத்தியில் அந்தச் சர்ச்சைக்குரிய இடத்துக்கு நீதிமன்றம் நியமித்த பூசாரி அவர். கோயில் பெயரைச் சொல்லி இயக்கம் நடத்துகிறவர்கள் பணத்துக்காகவும் பதவிக்காகவும் நடத்துகிறார்கள் என்று கேமராவைப் பார்த்து அமைதியாகச் சொல்கிறார். ராமரை நாள்தோறும் பூசித்தவர் சொன்னது அது. 1993இல் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் படங்கள் என்று சொல்லி இவர்களைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஃபாஸ்டரும் கோய்னும் லால்தாஸும் நம்பிக்கைக்குள் இருந்தபடியேதான் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்குத் தங்கள் படத்தில் முழு இடம் கொடுக்கிற இயக்குநரை நம்புங்கள். மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் காலின்ஸ் பக்திமிக்க கிறிஸ்தவர். அவரும் ‘ரிலிஜுலஸ்’ஸில் வருகிறார், ஆனால் வந்த வேகத்தில் போய்விடுகிறார். அவரோடு ஒரு நீண்ட வாதம் நடந்திருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும். எளிதாக மடக்க முடியாதவரைச் சுருக்கி, எளிதாக மடக்க முடிந்தவரை நீட்டி வைத்தது அந்தப் படத்தின் பெரிய குறை.

கே: பொய் சொல்லிப் பேட்டி எடுத்து, பிறகு அவர்களைக் கேலி செய்வது எந்த ஊர் நியாயம்?

ப: 2008ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரிலிஜுலஸ்’ குழு பேட்டி கேட்டுப் போனபோது படத்தின் பெயர் ‘எ ஸ்பிரிச்சுவல் ஜர்னி’ என்றுதான் சொல்லியது. மார்தான் வரப்போகிறார் என்பதும் பலருக்குக் கடைசி நேரம்வரை தெரியாது. அதே ஆண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து ‘எக்ஸ்பெல்ட்’ என்ற படம் வந்தது. பரிணாமக் கொள்கையை ஏற்காதவர்களைக் கல்வி நிலையங்கள் ஒடுக்குகின்றன என்று வாதிட்ட படம். ரிச்சர்ட் டாக்கின்ஸ், பி.இசட். மையர்ஸ் போன்ற உயிரியலாளர்களிடம் அவர்கள் போனபோது சொன்ன பெயர் ‘கிராஸ்ரோட்ஸ்’. அறிவியலும் மதமும் சந்திக்கும் இடம் பற்றிய படம் என்றார்கள். பிறகு அதன் முன்னோட்டக் காட்சிக்கு வந்த மையர்ஸை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அவரோடு வந்திருந்த டாக்கின்ஸை உள்ளே விட்டுவிட்டார்கள்.

மதத்தைக் கிண்டல் செய்தவர்களும் மதத்துக்கு வக்காலத்து வாங்கியவர்களும் ஒரே சாவியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு பக்கம் செய்தால் தந்திரம், மறுபக்கம் செய்தால் துரோகம் என்று பேச எனக்கு நா எழவில்லை. இரண்டுமே தவறு. ஒளிந்திருக்கும் குற்றத்தை வெளியே கொண்டுவர வேறு வழியே இல்லையென்றால் பொய்ப் பெயரை நான் ஒப்புக்கொள்வேன். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஊரறியச் சொல்வதை மறுபடி சொல்லவைக்கப் பொய் எதற்கு?

பொய்யைப் பற்றியே எடுத்த படம் ஒன்று உண்டு. விக்ரம் காந்தியின் ‘குமாரே’, 2011. இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். குருமார்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்பி, சந்தித்தவர்கள் யாரும் தன்னைவிட அதிகம் தெரிந்தவர்களாகத் தோன்றாமல், தானே குருவாகிவிடுகிறார். முடியும் தாடியும் வளர்த்து, தன் பாட்டியின் பேச்சுவழக்கைப் பிடித்துக்கொண்டு, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் போய் இறங்குகிறார். சீடர்கள் சேர்கிறார்கள். நான் வெறும் மாயை, உங்கள் குரு உங்களுக்குள்ளேதான் இருக்கிறார் என்று அவர் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்க, அவர்கள் அதையும் உபதேசமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் பகுதியில் சீடர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிறகு அவர்கள் தங்கள் வேலை, மணவாழ்க்கை, உடல் பற்றிய துக்கங்களை அவரிடம் கொட்டத் தொடங்குகிறார்கள், சிலருடைய வாழ்க்கை உண்மையிலேயே சீராகிறது. இப்போது மாட்டிக்கொண்டது காந்திதான். வேஷத்தைக் கலைக்க ஒரு நாள் குறிக்கிறார். எல்லோரும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், அவருக்கு வாய் வரவில்லை, சொல்லாமலே திரும்பிவிடுகிறார். பின்னொரு நாள் தாடியை மழித்து, தன் சொந்தக் குரலில் பேசிக்கொண்டு வந்து நிற்கிறார். சிலர் கட்டிப்பிடிக்கிறார்கள், சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போனவர்களையும் படம் காட்டுகிறது. அதனால்தான் அந்தப் படத்தின் பொய்யை நான் வேறு தராசில் வைக்கிறேன். பொய் சொன்னவர் திரும்பி வந்து, ஏமாந்தவர்கள் கண்ணெதிரே நின்று, அதற்கான கோபத்தை வாங்கிக்கொண்டார். ‘ரிலிஜுலஸ்’, ‘எக்ஸ்பெல்ட்’ இரண்டிலும் அப்படி ஒரு காட்சி இல்லை.

கே: ஏன் எப்போதும் ஒரே மதத்தைக் குறிவைக்கிறார்கள்? மற்றவர்களிடம் பயமா?

ப: பயமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேலிக்குப் பழக்கம் வேண்டும். மார் கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர், தாய் யூதர். பாவமன்னிப்புக் கூண்டைப் பற்றி அவர் பேசும்போது அதற்குள் உட்கார்ந்த சிறுவன் பேசுகிறான். இஸ்லாம் பற்றிய பகுதியில் அவரிடம் கேள்விகள் குறைவு, முடிவுகள் அதிகம். படத்திலேயே பலவீனமான பகுதி அதுதான். தெரியாத வீட்டுக்குள் நுழைந்து அடிக்கிற கேலி வெறும் வசையாகிவிடும்.

கே: இந்தப் படங்களில் சொல்லும் வரலாற்றுத் தகவல்களை மேடையில் பயன்படுத்தலாமா? (ஒரு பகுத்தறிவு மன்ற உறுப்பினர்)

ப: சரிபார்க்காமல் பயன்படுத்தாதீர்கள், தோழரே. ‘ரிலிஜுலஸ்’ஸில் எகிப்தியக் கடவுள் ஹோரஸின் கதை அப்படியே இயேசுவின் கதையாகத் திரும்ப எழுதப்பட்டது என்று எழுத்து ஓடும். கன்னிக்குப் பிறந்தார், ஞானஸ்நானம் பெற்றார், சீடர்கள் இருந்தார்கள் என்று பட்டியல் நீளும். எகிப்தியப் பழங்கதையில் ஹோரஸ், இறந்த தன் கணவன் ஒசிரிஸின் உடலை மீட்டெடுத்த தேவி ஐசிஸ் அவன் மூலமாகவே பெற்ற பிள்ளை. அதில் கன்னி எங்கே வந்தாள்? பட்டியலில் உள்ள மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் எகிப்திய மூலங்களில் ஆதாரம் கிடையாது. அடுத்தவரிடம் ஆதாரம் கேட்கிற படம் தான் ஆதாரமில்லாமல் பேசினால், அது நம் தரப்புக்குச் செய்யும் கெடுதல். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கே: கேலிப்படம் பார்த்து யாராவது நம்பிக்கையை விட்டிருக்கிறார்களா?

ப: ஒரு படத்தால் மட்டும் விட்டவரை நான் சந்தித்ததில்லை. ஏற்கெனவே தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, நாம் தனி ஆள் இல்லை என்ற துணிவு கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்த கோபத்தில் தன் வேதத்தை முதல்முறையாக முழுக்கப் படித்தவரும் உண்டு.

கே: ‘ஹெயில் சேட்டன்?’ ஆவணப்படமா, குறும்புத்தனமா?

ப: குறும்பில் ஆரம்பித்த ஓர் அமைப்பைப் பற்றிய ஆவணப்படம். 2019இல் பென்னி லேன் எடுத்தது. சாத்தானியக் கோயில் என்ற பெயரில் இயங்கும் இவர்கள் சாத்தான் என்று ஒருவன் இருப்பதாகவே நம்பாதவர்கள். அரசுக் கட்டட வளாகத்தில் பத்துக் கட்டளைகளைக் கல்லில் வடித்து வைத்தால், பக்கத்திலேயே எங்கள் ஆட்டுத்தலைச் சிலைக்கும் இடம் கொடுங்கள், எல்லா மதமும் சமம் என்றுதானே சட்டம் சொல்கிறது என்று கேட்கிறார்கள். அதிகாரிகள் திணறுகிறார்கள். கேலியை யாரோ ஒரு அப்பாவி பக்தர் மேல் காட்டாமல் ஓர் அரசின் முடிவு மேல் காட்டியிருக்கிறார்கள். அந்தக் குறி எனக்குப் பிடிக்கும்.

படத்தில் இன்னொரு தகவலும் வருகிறது. அமெரிக்காவில் பொது இடங்களில் நிற்கும் பத்துக் கட்டளைக் கற்களில் பல, 1950களில் ஈகிள்ஸ் என்ற சகோதர சங்கம் நிறுவத் தொடங்கியவை. அந்த முயற்சிக்கு இயக்குநர் செசில் பி. டிமில் கைகொடுத்தார். அப்போது அவர் 1956இல் வெளியான தன் ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்தின் வேலையில் இருந்தார். ஆதிகாலம் தொட்டு நிற்பதாகப் பலர் எண்ணும் கற்களின் பின்னால் ஒரு சினிமா விளம்பரமும் இருந்திருக்கிறது.

கே: நானும் நண்பர்களும் இப்படி ஒரு படம் எடுக்கத் திட்டமிடுகிறோம். ஒரு தொகுப்பாளராக என்ன சொல்வீர்கள்?

ப: முதலில் ‘மை சயன்டாலஜி மூவி’ பாருங்கள். 2015, இயக்கம் ஜான் டவர், களத்தில் லூயி தெரூ. சயன்டாலஜி என்ற அமெரிக்க மத அமைப்பு பேட்டி தர மறுத்ததால், முன்னாள் உயர் நிர்வாகி மார்ட்டி ரத்பனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அங்கே நடந்ததாகச் சொல்லப்படுபவற்றை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுகிறார்கள். படப்பிடிப்பை வேவு பார்க்க அமைப்பைச் சேர்ந்தவர்களும் கேமராவோடு வந்து நிற்கிறார்கள். நீ என்னைப் படம் பிடி, நான் உன்னைப் படம் பிடிக்கிறேன் என்று இரண்டு கேமராக்கள் சாலையோரத்தில் எதிரெதிரே. எழுதி வைத்து எடுத்தாலும் இப்படி அமையாது.

ஆனால் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது வேறொரு காட்சி. தெரூ தன் துணைவரான ரத்பனையே திரும்பிப் பார்த்து, அந்த அமைப்பில் இருந்தபோது நீங்கள் செய்தவற்றுக்குப் பொறுப்பு யார் என்று கேட்கிறார். ரத்பன் கொதித்துப் போகிறார். தன் பக்கத்து ஆளையும் அதே கேள்விக்கு உட்படுத்தியதால்தான் மற்ற இடங்களில் அவர் சிரிக்கும்போது நானும் கூடச் சிரிக்கிறேன். உங்கள் படத்தில் நீங்கள் நேசிக்கும் ஒருவரிடம் சங்கடமான கேள்வியைக் கேட்டீர்களா என்று பாருங்கள்.

அடுத்து, படம்பிடித்த முழுப் பேட்டியையும் வெட்டாமல் பத்திரமாக வையுங்கள். பேட்டி கொடுத்தவர் கேட்டால் முழுசாகப் போட்டுக் காட்ட முடிய வேண்டும். முதல் தொகுப்பை இசை இல்லாமல், எழுத்துப் பலகை இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அந்த வெறும் தொகுப்பிலேயே எங்கே சிரிப்பு வருகிறதோ அந்த இடங்களை மட்டும் நம்புங்கள். சிரிப்பு வராத இடத்தில் கோமாளி இசையைப் போட்டு நிரப்பச் சொல்லி உங்களில் ஒருவர் வற்புறுத்துவார். அந்த இடத்தையே தூக்கிவிடுங்கள்.

உங்களை ஒருவர் வாதத்தில் மடக்கிவிட்டால் அதைக் கட்டாயம் வையுங்கள். ‘ரிலிஜுலஸ்’ஸில், ஆர்லாண்டோவில் அப்போது இருந்த ஒரு மதப் பூங்காவில் இயேசுவாக நடித்தவரிடம், கடவுள் எப்படி ஒருவராகவும் மூவராகவும் இருக்க முடியும் என்று மார் மடக்கப் பார்க்கிறார். தண்ணீர் பனிக்கட்டியாகவும் ஆவியாகவும் இருக்கிறதே என்று பட்டென்று பதில் வருகிறது. மார் ஒரு கணம் திணறிப்போகிறார். பிறகு அந்தப் பதிலைப் பாராட்டவும் செய்கிறார், அதனால் நம்பிவிடாவிட்டாலும். அதை வெட்டி எறிய அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. வெட்டவில்லை. லாரி ஓட்டுநர்களுக்கான சிறு ஜெபக்கூடக் காட்சியும் அப்படித்தான். ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார், மற்றவர்கள் கடைசியில் மாரைச் சுற்றி நின்று அவருக்காக ஜெபிக்கிறார்கள். நீங்கள் வெறும் கிறிஸ்தவர்களாக இல்லாமல் கிறிஸ்துவைப் போல நடந்துகொண்டீர்கள் என்று அவர் நன்றி சொல்கிறார். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த நிமிடங்கள் இவை.

கே: பக்தியுள்ள என் அம்மாவோடு சேர்ந்து பார்க்க இதில் ஒன்று சொல்லுங்கள்.

ப: ‘குமாரே’. பாதியில் நிறுத்தாதீர்கள், வேஷம் கலையும் காட்சி வரைக்கும் போக வேண்டும். படம் முடிந்ததும் நீங்கள் முதலில் பேசாதீர்கள். அந்தச் சீடர்களில் யார் செய்தது சரி, கட்டிப்பிடித்தவர்களா எழுந்து போனவர்களா என்று அம்மாவைக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.